வாய்க்கால் அடைத்தால் மனு யாருக்கு?

கேள்வி: தெருச் சாக்கடை கலந்து வடிகால் வாய்க்கால் தூர்ந்துவிட்டது. சம்பா வயலில் மழைநீர் தேங்குகிறது. யாரிடம் முறையிடுவது?
- வாசகர், பட்டினச்சேரி

பதில்: இங்கே ஊராட்சித் தலைவரைத் தேட முடியாது. புதுவையில் 1968-க்குப் பின் 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் அந்தப் பதவிக்காலமும் முடிந்தது, மறுதேர்தல் இல்லை. அதனால் மனு, திருமலைராயன்பட்டினம் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்கு. தெருச் சாக்கடை அவர் பொறுப்பு; வடிகால் வாய்க்காலுக்குப் பொதுப்பணித்துறை. இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். அதுதான் வழக்கமாக நடப்பது. தனித்தனியே எழுதி, அடைப்பு எந்த மதகுக்குக் கீழே என்று குறிப்பிட்டு, ஒப்புகை வாங்குங்கள். நடவடிக்கை தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் தூர்வார வேண்டுமானால் மனு ஆடியிலேயே போய்ச் சேரட்டும்.