தலையில் வடிகட்டி... கடவுளாக ஸ்பகெட்டி! கேலி மதங்கள் எழுப்பும் சீரியஸான கேள்வி என்ன?

ஓட்டுநர் உரிமத்துக்கு போட்டோ எடுக்கப் போனால், தொப்பியையும் கூலிங் கிளாஸையும் கழற்றச் சொல்வார்கள். ஆனால், ஆஸ்திரியாவைச் சேர்ந்த நிக்கோ ஆல்ம் என்பவர் 2011-ல் வாங்கிய ஓட்டுநர் உரிமத்தில், தலையில் பாஸ்தா வடிகட்டியைக் கவிழ்த்துக்கொண்டு இருக்கிறார். கேட்டால், "இது என் மத அடையாளம்" என்கிறார்.

அவர் சொன்ன மதத்தின் பெயர் பாஸ்டஃபேரியனிசம். அதன் கடவுள், நூடுல்ஸ் போன்ற கைகளும் இறைச்சி உருண்டைகளும் கொண்ட 'பறக்கும் ஸ்பகெட்டி அரக்கன்'.

பார்த்தால் மீம் மாதிரி இருக்கும் இந்த விஷயம், ஒரு பள்ளிப் பாடத்திட்டச் சண்டையில் பிறந்து ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எது அறிவியல், எது நம்பிக்கை, எதை மதம் என்று சட்டம் ஏற்கும் என்ற மூன்று கேள்விகளும் இதில் பின்னிக் கிடக்கின்றன.

எங்கே தொடங்கியது?

2005. அமெரிக்காவின் கன்சாஸ் மாகாணக் கல்வி வாரியம், பள்ளி அறிவியல் பாடத்தில் டார்வினின் பரிணாமக் கொள்கையை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று விவாதித்துக்கொண்டிருந்தது. "உயிர்கள் இவ்வளவு சிக்கலாக இருப்பதால், அறிவுள்ள ஏதோ ஒன்றுதான் இவற்றை வடிவமைத்திருக்க வேண்டும்" என்ற வாதத்துக்கும் வகுப்பறையில் இடம் வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்டது. இதன் பெயர் 'அறிவார்ந்த வடிவமைப்பு'. அந்த வடிவமைப்பாளர் யார் என்பதை மட்டும் அவர்கள் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

அப்போதுதான் இயற்பியல் பட்டதாரியான பாபி ஹெண்டர்சன் என்ற இளைஞர், வாரியத்துக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். "வடிவமைப்பாளர் யார் என்று நீங்கள் சொல்லவில்லை அல்லவா? அது பறக்கும் ஸ்பகெட்டி அரக்கன் என்று நான் நம்புகிறேன். அதையும் வகுப்பில் சொல்லிக் கொடுங்கள்" என்பதுதான் கடிதத்தின் சாரம். மறுத்தால் வழக்குப் போடுவேன் என்றும் எச்சரித்தார். இணையத்தில் வெளியானதும் கடிதம் உலகம் முழுக்கப் பரவியது.

கேலிக்குள் இருந்த லாஜிக்

சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால், கடிதத்தில் இரண்டு அறிவியல் பாடங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, கடற்கொள்ளையர்கள். சில நூற்றாண்டுகளாகக் கடற்கொள்ளையர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், பூமியின் வெப்பமோ கூடிக்கொண்டே போகிறது. 'ஆகவே, கொள்ளையர் குறைந்ததால்தான் புவி வெப்பமடைகிறது' என்று ஹெண்டர்சன் ஒரு வரைபடமே போட்டுக் காட்டினார். இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடப்பதாலேயே ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதைச் சொல்ல, இதைவிட எளிய உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இரண்டாவதுதான் முக்கியம். பழைய பொருளின் வயதை விஞ்ஞானி கணக்கிடும்போதெல்லாம், அரக்கன் கண்ணுக்குத் தெரியாமல் வந்து தன் நூடுல்ஸ் கையால் முடிவை மாற்றிவிடுமாம். அப்படியானால், எந்தச் சோதனை செய்தாலும் இந்த மதத்தைப் பொய் என்று நிரூபிக்க முடியாது. அதுதான் பாயிண்ட். எந்த ஆதாரம் வந்தாலும் தப்பித்துக்கொள்ளும் கருத்து உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால், அதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லாதபோது, அறிவியல் பாடத்தில் அதற்கு என்ன வேலை?

இந்த வாதம் புதிதல்ல. 1952-ல் எழுதிய ஒரு கட்டுரையில் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஒரு பீங்கான் தேநீர்க் குடுவை சூரியனைச் சுற்றி வருவதாகக் கற்பனை செய்தார். எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாத அளவுக்குச் சின்னது. 'இல்லை என்று உங்களால் நிரூபிக்க முடியாது, அதனால் நம்புங்கள்' என்றால் யாராவது ஏற்பார்களா? ஒன்றை உண்டு என்று சொல்பவர்தான் அதற்கு ஆதாரம் தர வேண்டும் என்பது ரஸ்ஸலின் நிலைப்பாடு. ஸ்பகெட்டி அரக்கனை அந்தக் குடுவையின் பேரப்பிள்ளை எனலாம்.

வழக்கில் ஜெயித்தது கேலியா?

இல்லை. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

அதே 2005-ல், பென்சில்வேனியா மாகாணத்தின் டோவர் என்ற சின்ன ஊரில் இதே பிரச்னை நீதிமன்றம் ஏறியது. பரிணாமக் கொள்கையில் ஓட்டைகள் இருப்பதாகவும், மாற்றாக அறிவார்ந்த வடிவமைப்பு பற்றிய புத்தகம் இருப்பதாகவும் உயிரியல் வகுப்பில் ஓர் அறிக்கை வாசிக்க வேண்டும் என்று பள்ளி வாரியம் உத்தரவிட்டது. அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். அதற்கு முன்பே 11 பெற்றோர்கள் வழக்குத் தொடுத்திருந்தார்கள்.

விசாரணையில் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. ஒன்று, அந்த மாற்றுப் புத்தகத்தின் பழைய வரைவுகள். பள்ளிகளில் 'படைப்புவாதம்' கற்பிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-ல் ரத்து செய்திருந்தது. அதன் பிறகு வந்த வரைவுகளில், 'படைப்புவாதிகள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று மாற்றியிருக்கிறார்கள். ஓர் இடத்தில் மட்டும் பழைய சொல்லின் தலையும் வாலும் அழியாமல், புதிய சொல் நடுவில் சிக்கி நின்றது. ஒரு காப்பி-பேஸ்ட் பிழை, பெயர் மட்டும்தான் மாறியது என்பதைக் காட்டிக் கொடுத்துவிட்டது!

இரண்டாவது, குறுக்கு விசாரணை. அறிவார்ந்த வடிவமைப்புக்கு ஆதரவாகச் சாட்சி சொன்ன உயிர்வேதியியலாளர் மைக்கேல் பெஹே, தான் சொல்லும் வரையறைப்படி பார்த்தால் ஜோதிடமும் அறிவியல் கொள்கையாகிவிடும் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

2005 டிசம்பர் 20-ல் தீர்ப்பு வந்தது. அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, அதைப் பள்ளியில் திணிப்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்றார் நீதிபதி ஜான் ஜோன்ஸ். இவர் குடியரசுக் கட்சிக்காரர், அதிபர் ஜார்ஜ் புஷ் நியமித்தவர். தீர்ப்புக்குப் பிறகு கொலை மிரட்டல்கள் வந்ததால் அவருக்குப் பாதுகாப்பு போட வேண்டியிருந்தது. வழக்குச் செலவுக்காக அந்தச் சின்ன ஊரின் பள்ளி நிர்வாகம் 10 லட்சம் டாலர் கட்டியது.

கன்சாஸில் கதை வேறு. 2005 நவம்பரில், பரிணாமத்தை விமர்சிக்கும் பாடத்திட்டம் 6-4 என்ற வாக்கில் நிறைவேறியது. அடுத்து வந்த தேர்தலில் வாரிய உறுப்பினர்கள் மாறினார்கள். 2007 பிப்ரவரியில் அதே 6-4 கணக்கில் அது தூக்கி எறியப்பட்டது.

ஆக, டோவரில் முடிவு செய்தது ஆதாரம், கன்சாஸில் முடிவு செய்தது வாக்காளர்கள். ஸ்பகெட்டி அரக்கன் செய்தது, அந்தச் சண்டையை உலகமே கவனிக்க வைத்ததுதான்.

எது மதம்? நாட்டுக்கு நாடு பதில் வேறு

விளையாட்டாகத் தொடங்கியதை, 'எங்களுக்கும் மத உரிமை உண்டு' என்று கையில் எடுத்தபோது அரசாங்கங்கள் திணறின.

• ஆஸ்திரியா: நிக்கோ ஆல்முக்கு உரிமம் கிடைத்தது. ஆனால், முகம் முழுசாகத் தெரிந்ததால்தான் அனுமதித்தோம், மதத்துக்காக அல்ல என்றார்கள் அதிகாரிகள்.

• நியூசிலாந்து: திருமணம் நடத்தி வைக்கும் அமைப்பாக 2015-ல் அங்கீகாரம். 2016-ல் அகரோவா என்ற ஊரில், கடற்கொள்ளையர் பாணியில் முதல் கல்யாணம் நடந்தது. தத்துவக் கொள்கை உள்ள அமைப்புகளையும் அந்நாட்டுச் சட்டம் ஏற்கிறது.

• அமெரிக்கா: நெப்ராஸ்கா சிறைக் கைதி ஒருவர் வழிபாட்டு உரிமை கேட்டார். 2016-ல் கூட்டாட்சி நீதிமன்றம் மறுத்தது. இது மதமல்ல, ஒரு வாதத்தை முன்வைக்கும் பகடி. இதை ஏற்றால் எந்தக் கற்பனை நாவலையும் வேதம் என்று ஒருவர் சொல்லலாம் என்பது நீதிபதியின் விளக்கம்.

• நெதர்லாந்து: அடையாள அட்டையில் வடிகட்டியோடு போட்டோ கேட்டார் ஒரு சட்ட மாணவி. மதத்துக்குத் தேவையான தீவிரமும் ஒத்திசைவும் இதில் இல்லை என்று 2018-ல் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் நிராகரித்தது. 2021-ல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் அதையே சொன்னது.

இங்கேதான் சிக்கலே. கடவுள் இருக்கிறாரா என்று எந்த நீதிமன்றமும் ஆராய்வதில்லை, ஆராயவும் கூடாது. 'இவர் உண்மையாகவே நம்புகிறாரா' என்று மட்டும்தான் பார்க்க முடியும். ராணுவத்தில் சேர மறுத்தவர்கள் தொடர்பான 1965-ம் ஆண்டு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோலும் இதுதான்: அந்த நம்பிக்கை உளமார்ந்ததா? ஒருவர் வாழ்க்கையில் கடவுள் நம்பிக்கைக்கு இணையான இடத்தில் அது இருக்கிறதா?

ஆனால், ஒருவர் மனசுக்குள் இருப்பதை அளக்கும் தராசு அரசாங்கத்திடம் ஏது? இன்று வடிகட்டியைப் பார்த்து 'இது சீரியஸ் இல்லை' என்று சொல்லும் அதிகாரம், நாளை ஒரு புதிய, சிறிய, உண்மையான மதத்தின் மீதும் பாயலாம். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாலோ, மதச் சலுகை என்பதற்கே அர்த்தம் போய்விடும். வடிகட்டிக்காரர்கள் கேட்பதும் அதைத்தான்: ஒரு விதியிலிருந்து மத நம்பிக்கைக்கு விலக்கு உண்டு என்றால், மற்றவர்களுக்கு ஏன் இல்லை?

நம்பிக்கையாளர்கள் தரப்பு என்ன?

இந்தக் கேலியை எல்லோரும் ரசிக்கவில்லை. அவர்களின் எதிர்வாதமும் வலுவானதுதான்.

அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா, ரஸ்ஸலின் உதாரணமே பொருந்தாது என்கிறார். விண்வெளியில் தேநீர்க் குடுவை இல்லை என்று நம்ப நமக்கு நல்ல காரணம் இருக்கிறது. யாராவது கொண்டுபோய் வைத்தால்தானே அது அங்கே இருக்கும்? கடவுள் பற்றிய கேள்வி அந்த ரகம் அல்ல என்பது அவர் வாதம். தலைமுறை தலைமுறையாக மக்கள் துக்கத்திலும் சாவிலும் பற்றிக்கொண்ட ஒன்றை, ஒரு கடிதத்தில் உருவான பாத்திரத்தோடு ஒப்பிடுவது நியாயமா என்ற கேள்வியும் இருக்கிறது.

நம்பிக்கை உள்ளவர் என்றாலே அறிவியலுக்கு எதிரி என்று நினைப்பதும் தவறு. டோவர் வழக்கில் பெற்றோர் தரப்பின் முக்கியச் சாட்சியான உயிரியலாளர் கென்னத் மில்லர், ஒரு கத்தோலிக்கர். வழிபாட்டுக்கும் போகிறவர், பரிணாமத்தையும் பாடமாக நடத்தியவர். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் தேடுகின்றன, ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று நுழைய வேண்டியதில்லை என்று சொன்னவர் விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கோல்ட். அப்படியெல்லாம் சுலபமாகக் கோடு போட முடியாது என்று மறுத்தவர் ரிச்சர்ட் டாக்கின்ஸ். இந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

கடைசியாக...

கடவுள் இல்லை என்று ஸ்பகெட்டி அரக்கன் நிரூபிக்கவில்லை. ஹெண்டர்சனின் கடிதம் கேட்டதும் அதையல்ல. ஒரு நம்பிக்கைக்கு அறிவியல் வகுப்பில் சீட் கொடுத்தால், அடுத்து வரும் நம்பிக்கைக்கு எதைச் சொல்லி மறுப்பீர்கள் என்பதுதான் அதன் கேள்வி.

டோவர் ஆசிரியர்கள் அந்த அறிக்கையை வாசிக்க மறுத்தபோது, அவர்கள் யாருடைய சாமியையும் கும்பிடக் கூடாது என்று சொல்லவில்லை. வீட்டில் என்ன நம்புவது என்பது குடும்பத்தின் உரிமை. வகுப்பில் எது ஆதாரத்தோடு நிற்கிறதோ, அதை மட்டும் தெரிந்துகொள்வது அந்தப் பிள்ளையின் உரிமை. வடிகட்டி ஜோக்கை மறந்துவிட்டாலும், அந்த இரண்டு உரிமைகளும் ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்க வேண்டும் என்பதை மறக்க முடியாது.