வயலை மாட்டுப் பண்ணையா மாத்தலாமா? பால் பணத்துல மிஞ்சுறது எவ்வளவு?

நெல்லுக்கு நடவு ஆள் கிடைக்கல. பொள்ளாச்சி பக்கம் தென்னையில வேர் வாடல், வெள்ளை ஈ. 'பேசாம நிலத்துல புல்லைப் போட்டுட்டு பத்து மாட்டை வாங்கிக் கட்டிடலாம்' என்ற பேச்சு கொங்கு மண்டலத்திலும் வட மாவட்டங்களிலும் இப்போது சகஜம். யூடியூபைத் திறந்தால், ஐடி வேலையை விட்டுவிட்டு மாடு வளர்க்கிறவரின் வீடியோ தினமும் ஒன்று வருகிறது.

பாலுக்குத் தேவை இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கேள்வி அது இல்லை. ஒரு லிட்டருக்கு உங்கள் கையில் எவ்வளவு நிற்கும் என்பதுதான்.

வாங்குறதுக்கு ஆள் இருக்கு

2023 மே மாதம் முதல்வர் மு.க.ஸ்டாலின், மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். குஜராத்தின் அமுல் நிறுவனம் கிருஷ்ணகிரியில் குளிரூட்டும் மையங்களையும் ஆலையையும் வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பால் எடுக்கத் திட்டமிடுகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நம்ம ஊர் பாலுக்கு ஆவின், தனியார், வெளி மாநிலக் கூட்டுறவு என மூன்று பக்கமும் போட்டி இருப்பது தெரியும்.

அதே கடிதத்தில் இன்னொரு கணக்கும் இருந்தது. 9,673 கூட்டுறவு சங்கங்கள், சுமார் 4.5 லட்சம் உறுப்பினர்கள், நாளுக்கு 35 லட்சம் லிட்டர். வகுத்துப் பாருங்கள். ஒரு உறுப்பினர் ஊற்றுவது சராசரியாக 8 லிட்டருக்கும் குறைவு! அதாவது ஒன்று, இரண்டு மாடு. இந்தத் தொழிலைத் தாங்குவது பெரிய பண்ணைகள் இல்லை. காலையில் எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, தூக்குவாளியோடு சொசைட்டிக்குப் போகும் குடும்பங்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் தங்கள் உழைப்புக்குக் கூலி போட்டுக்கொள்வதில்லை. பத்து மாட்டுப் பண்ணை தடுமாறுவது அங்கேதான்.

38 ரூபாய் எல்லாருக்கும் வராது

2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 32-லிருந்து 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. ஆக 38 என்கிறோம். ஆனால் அது 4.3 சதவீதம் கொழுப்பும், 8.2 சதவீதம் எஸ்.என்.எஃப்-பும் (கொழுப்பு நீங்கிய திடப்பொருள்) உள்ள பாலுக்கான விலை. வெள்ளை-கறுப்பு ஹெச்.எஃப் கலப்பின மாடு லிட்டர் கணக்கில் அள்ளித் தரும், கொழுப்பு 3.5-ஐ ஒட்டியே நிற்கும். ஜெர்சி கலப்பினத்தில் பால் கொஞ்சம் குறைவு, கொழுப்பு அதிகம். மாடு வாங்கும்போது 'எத்தனை லிட்டர் கறக்கும்'னு மட்டும் கேட்டால் பாதி விவரம்தான் கிடைக்கும்.

தனியார் சில சமயம் கூடுதலாகத் தருவார்கள். ஆனால் மழை முடிந்து பச்சை புல் கிடைத்து பால் பெருகும் மாதங்களில் விலை இறங்கும். 2020 ஊரடங்கில் டீக்கடையும் ஹோட்டலும் மூடியபோது, தனியாருக்கு ஊற்றிக்கொண்டிருந்த பலர் சொசைட்டி வாசலில்தான் வந்து நின்றார்கள்.

பத்து மாட்டுக் கணக்கு

ஒரு உத்தேசக் கணக்கு போடுவோம். உங்கள் ஊர் விலையை நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

பத்து மாட்டில் எல்லாமே எப்போதும் கறவையில் இருக்காது. சினை, வற்றுக்காலம் போக ஏழு கறக்கும். தலைக்கு 10 லிட்டர் என்றால் 70 லிட்டர். 38 ரூபாய் வீதம் நாளுக்கு 2,660 ரூபாய்.

தீவனம்: மாட்டின் உடம்புக்கு 2 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ அடர்தீவனம். கறவை மாட்டுக்கு 6 கிலோ. வற்றிய மாட்டுக்கு 2 கிலோ. மொத்தம் 48 கிலோ. கிலோ 28 ரூபாய் என்று வைத்தால் 1,344. வைக்கோலுக்கு 240. பசுந்தீவனம் சொந்த நிலத்தில் வருகிறது என்று கொண்டாலும் செலவு 1,584 ரூபாய். மிச்சம் 1,076.

இதில் வேலையாள் ஒருவருக்கு 600. மாடு ஒன்று 70,000 வீதம் 7 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் நாளுக்கு கிட்டத்தட்ட 495. கூட்டினால் 1,095. அதாவது 19 ரூபாய் நஷ்டம்! டாக்டர் செலவு, சினை ஊசி, கரண்ட், கொட்டகை எதுவும் இன்னும் சேர்க்கவே இல்லை. சாணத்தையும் கன்றையும் விற்று அதைச் சரிக்கட்ட வேண்டும். ஊக்கத்தொகை தள்ளிப்போனால் நாளுக்கு இன்னும் 210 ரூபாய் துண்டு.

வேலையாள் இல்லாமல் கணவன் மனைவி இருவரும் பார்த்தால்? 581 ரூபாய் நிற்கும். மாதம் 17,000 சொச்சம், அதுவும் ஞாயிறு, தீபாவளி, சொந்தக்காரர் கல்யாணம் எதற்கும் லீவு இல்லாமல். கடன் இல்லாமல், வீட்டுக் கன்றை வளர்த்தே மந்தையைப் பெருக்கியவருக்குத்தான் கணக்கு நன்றாக நிற்கிறது.

அப்போ நிலத்தை மாத்தவே கூடாதா?

மாற்றலாம். லாபத்தைத் தீர்மானிப்பதே நிலம்தான். பச்சை புல் இல்லாத பண்ணை அடர்தீவன மூட்டைக்கே சம்பாதிக்கும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-5 கம்பு நேப்பியர் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 360 டன் வரை தரும் என்கிறார்கள். அது நல்ல தண்ணீர், நல்ல உரம் உள்ள இடத்தில். உங்கள் வயலில் அதில் பாதி வந்தால்கூட ஏக்கருக்கு 70 டன். ஒரு மாட்டுக்கு நாளுக்கு 25 கிலோ, வருடத்துக்கு 9 டன். ஆக ஒரு ஏக்கரில் ஏழு, எட்டு மாடு. வெறும் நேப்பியரோடு நிறுத்தாமல் ஓரத்தில் வேலிமசால், அகத்தி வைத்தால் புரதம் கிடைக்கும், மூட்டைச் செலவு குறையும். தென்னந்தோப்பில் மரத்தை வெட்டாமல் இடைவெளியிலேயே புல் போடலாம். நிழலில் விளைச்சல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

தண்ணீர்தான் கிடுக்கிப்பிடி. நேப்பியருக்கு வருடம் முழுக்க பாய்ச்சல் வேண்டும். சித்திரை வெயிலில் போர் காற்று வாங்கினால், புல்லும் காயும், மாடும் பாதி விலைக்குப் போகும்.

காங்கேயம் பக்கம் இதற்கு நேர்மாறான ஒரு முறை இருக்கிறது. கொறங்காடு. முள்கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், கீழே மானாவாரிக் கொழுக்கட்டைப் புல். தண்ணியே பாய்ச்ச வேண்டாம். பால் குறைவுதான், ஆனால் வறட்சியைத் தாங்கும். அதையும் உழுது நேப்பியர் போடுவது, என் பார்வையில், வீண் வேலை.

பேப்பர் வேலை

கால்நடைக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நெல் விற்ற பணம் விவசாய வருமானம், வருமான வரி கிடையாது. பால் விற்ற பணம் வரிச் சட்டப்படி தொழில் வருமானம். பண்ணை பெரிதானால் கணக்கு எழுத வேண்டியிருக்கும்.

இறங்குவதாக முடிவு செய்தவர்கள் மாட்டுச் சந்தைக்கு முன்னால் வயலுக்குப் போங்கள். கரணை நட்டு முதல் அறுப்புக்கு 75 நாள் ஆகும், அதன் பிறகு 45 நாளுக்கு ஒரு அறுப்பு. முதல் அறுப்பு தயாராகும் வாரத்தில் இரண்டு மாடு வாங்குங்கள், பத்து வேண்டாம். அவை ஒரு கோடையைத் தாண்டி, மறுபடி சினை பிடித்த பிறகு மூன்றாவது மாட்டைப் பற்றி யோசிக்கலாம்.