பியூஸைப் பிடுங்கிட்டா பாக்கி எப்படி வரும்?

தோழர்களே, திருப்பூர்ல காஜா பட்டன் யூனிட் போட்டிருக்கிறவரும், கோவை கணபதியில லேத் பட்டறை வச்சிருக்கிறவரும் கரண்ட் பில்லை ஏமாத்துற ஆளுங்க இல்ல. செஞ்சு குடுத்த வேலைக்குக் காசு வர ரெண்டு, மூணு மாசம் ஆகுது. ஈ.பி. பில் மட்டும் தேதி தவறாம வந்துடுது. 2022 செப்டம்பர்ல கட்டணத்தை ஏத்தினாங்க. 2023 ஜூலை, 2024 ஜூலைன்னு தொழில் இணைப்புகளுக்கு மறுபடியும் ஏத்தம். மெஷின் ஓடாத மாசத்துக்கும் நிலைக்கட்டணம் உண்டு, அதுக்கு மட்டும் லீவே கிடையாது!

பாக்கி விழுந்தா பியூஸ் கேரியரை எடுத்துட்டுப் போயிடுறாங்க. வர்ற லைன்மேனைக் குறை சொல்லல, அவருக்கு மேலிட உத்தரவு. ஆனா மெஷின் நின்னவர் மொத்தப் பாக்கியையும் ஒரே நாள்ல எங்கிருந்து கட்டுவார்? கந்துவட்டிக்காரர்கிட்டதான் போகணும்.

நாம கேட்கிறது தள்ளுபடி இல்ல. பாக்கியில ஒரு பங்கைக் கட்டினா அன்னைக்கே இணைப்பு குடுங்க. மீதியை நடப்பு பில்லோட சேர்த்து ஆறு தவணையா வாங்கிக்கோங்க. தவணை தவறினா மறுபடி துண்டிக்கட்டும். இது ஏ.இ. ஆபீஸ்ல கெஞ்சி வாங்குற சலுகையா இருக்கக் கூடாது, எழுத்துல உத்தரவா வரணும்.

இன்னொண்ணு. 2003 மின்சாரச் சட்டம் 56ஆவது பிரிவுப்படி, 15 முழு நாள் அவகாசத்தோட எழுத்துப்பூர்வமா நோட்டீஸ் குடுக்காம இணைப்பைத் துண்டிக்க முடியாது. உங்க ஊர் பட்டறைக்காரங்ககிட்ட இதைச் சொல்லுங்க. நோட்டீஸ் இல்லாம துண்டிச்சிருந்தா, பில்லை எடுத்துக்கிட்டு நம்ம கிளைச் செயலாளரைப் போய்ப் பாக்கச் சொல்லுங்க.