கீழ்த்தளத்திலிருந்தும் பார்ப்போம்

“ஓத அனுப்பினால் விளையாட விடுகிறீர்களே, ஹஸ்ரத்!” சடையங்குப்பத்தில் மாலை மக்தபுக்குப் பிள்ளையை அழைத்து வந்த ஒரு தாயார் நம்மிடம் இவ்வாறு வருந்தினார். நியாயமான கேள்வி. பதில் கூறுவது நமது கடமை.

விளையாட்டாகக் கற்பிப்பது மார்க்கத்திற்குப் புதிதன்று. முஸ்லிமுக்கு உவமையான, இலை உதிராத மரம் எதுவென்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் விடுகதையாகவே கேட்டார்கள். அது பேரீச்ச மரம்.

வாரம் ஒருநாள், பாடம் முடிந்த பின் 15 நிமிடங்களை நாம் இதற்கென ஒதுக்குகிறோம். முதலில், பிள்ளைகள் கண்களை மூடிக் காதில் விழும் ஒலிகளை எண்ணுவார்கள்: கண்டெய்னர் லாரி, மின்விசிறி, பக்கத்தில் இருப்பவனின் மூச்சு. தொழுகையில் கவனம் சிதறுகிறது என்று அவர்களைக் கண்டிக்கிறோம். மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் பயிற்சியை என்றைக்குக் கொடுத்தோம்?

அடுத்தது கப்பல் விளையாட்டு. புகாரியில் பதிவான நபிமொழியில், சீட்டுக் குலுக்கிச் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம் பெறுகின்றனர். தண்ணீருக்காக அடிக்கடி மேலே செல்லும் கீழ்த்தளத்தார், மேலே இருப்பவர்களுக்குத் தொல்லை தராமல் தம் பகுதியிலேயே துளையிட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுகின்றனர். தடுக்காவிட்டால் அனைவரும் மூழ்குவர்.

தரையில் கோடு கிழித்து, சீட்டுப் போட்டு இதை நடித்தோம். “ஓட்டை போடுகிறவன் முட்டாள்” என்று மேல்தளத்துச் சிறுவன் ஒருவன் சிரித்தான். இடம் மாற்றினோம். மூன்று முறை தண்ணீர் மறுக்கப்பட்டதும் அவனே, “ஓட்டை போட்டுவிடலாம், ஹஸ்ரத்” என்றான். அப்போது ஒரு சிறுமி, “மேலே இருப்பவர்களே வாளியில் இறக்கிக் கொடுத்திருக்கலாமே!” என்றாள்.

துளையிடுவதைத் தடுத்தே ஆக வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தாகத்தை அறியாமல் தடுப்பவன் பாதிக் கடமையையே செய்கிறான்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இது வெறும் கதையன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. மேலே செய்வது கீழே வந்து சேரும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

பெற்றோர்களே, வீட்டில் பிள்ளைகள் சண்டையிட்டால் உடனே தீர்ப்பளிக்காதீர்கள். அண்ணனின் வழக்கைத் தம்பியும், தம்பியின் வழக்கை அண்ணனும் சொல்லட்டும். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்புவது ஈமானின் நிறைவு என்று நாம் ஓதிக் கொடுக்கிறோம். சகோதரன் எதை விரும்புகிறான் என்று அறியாத பிள்ளை அதை எப்படி நிறைவேற்றும்?

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு விழிப்புள்ள உள்ளங்களைத் தந்தருள்வானாக. ஆமீன்.