மிஹ்ராபை அவர்கள் வைத்திருக்கிறார்கள், நாம்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போர்த்துக்கல்லின் தெற்கே, குவாதியானா ஆற்றங்கரையில், மெர்தோலா என்று ஒரு சின்ன ஊர். குன்றின் உச்சியில் கோட்டை, சுற்றி மதில், மதிலுக்குள் வெள்ளையடித்த வீடுகள். நாங்கள் போய்ப் பார்த்தோம். முழங்கால் வலிக்கிற ஏற்றம், ஆனால் அரை நாளில் சுற்றி முடிக்கலாம்.

கோட்டைக்குக் கீழே உள்ள தேவாலயத்துக்குள் போனால், பலிபீடத்துக்குப் பின்னால் மிஹ்ராப். ஆம், மிஹ்ராப்தான்! 12ஆம் நூற்றாண்டில் அது பள்ளிவாசல். 1238இல் சந்தியாகு சபை வீரர்கள் ஊரைப் பிடித்த பிறகு தேவாலயமானது. குதிரை லாட வடிவ வாசல்கள் இன்னும் நிற்கின்றன.

"பள்ளியைப் பறித்தவர்களைப் புகழ்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். பறித்தது பறித்ததுதான். போர்த்துக்கேயர் யார் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தங்கள் நாட்டில் சண்டை பிடித்த முஸ்லிம்களுக்கு வைத்த 'மூர்' என்ற பெயரைத்தான் இங்கே வந்து நம்மவர்களுக்கும் வைத்தார்கள். ஆங்கிலத்தில் இன்றும் நாம் மூர்தான். 1626இல் அவர்கள் விரட்டிய முஸ்லிம்களைச் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பக்கம் குடியமர்த்தினான்.

அப்படிப்பட்டவர்களின் பரம்பரைதான் 1978இலிருந்து அந்த ஊரைத் தோண்டி ஆராய்கிறது. கோட்டைக்குப் பக்கத்தில் அன்றைய முஸ்லிம் வீடுகளின் அத்திவாரங்கள்: நடுவில் முற்றம், குசினி, வீட்டோடு கழிப்பறை. உடைந்த சட்டி பானைகளைக்கூடப் பொறுக்கி ஒட்டி, இஸ்லாமியக் கலைக்கென்றே நூதனசாலை வைத்திருக்கிறார்கள். 2001 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இஸ்லாமிய விழாவும் நடக்கிறது. 1966இல் பக்கத்துச் சுரங்கம் மூடப்பட்டு, ஆட்கள் பிழைப்புத் தேடி வெளியேறிய பகுதி அது. இன்று சனம் தேடி வருவதே இந்தப் பழசைப் பார்க்கத்தான்.

நம் ஊர்களில் என்ன நடக்கிறது? நூறு வருடப் பள்ளி. நம்பிக்கையாளர் சபை கூடும், வெளிநாட்டு உதவி கிடைக்கும், அடுத்த மாதம் ஜேசிபி வரும். மரத்தூண்கள் விறகாகும். பழைய மிம்பர் எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது. ஹவுழை மூடி டைல்ஸ் பதிப்பார்கள். ஜமாஅத் பெருகிவிட்டது, இடம் காணாது, எல்லாம் நியாயம். அதற்காக ஒரு தூண்கூட மிஞ்சக் கூடாதா? "நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று நம்மைக் கேட்கிற காலம் இது. பள்ளிவாசல் எவ்வளவு பழையது என்று வகுப்பில் கேட்டால், பிள்ளைகள் புதுக் கட்டடத்தின் திறப்பு விழாக் கல்லில் உள்ள வருடத்தைச் சொல்கிறார்கள். அவர்களில் என்ன பிழை?

நிர்வாகிகளே, உடைக்க முன் அளவெடுத்துப் படம் பிடியுங்கள். பழைய மிஹ்ராப் சுவரையாவது புதுக் கட்டடத்துக்குள் விடுங்கள். கேட்டால் எஞ்சினியர்மார் வழி சொல்வார்கள். பழைய கணக்குக் கொப்பிகளைக் கறையானுக்குக் கொடுக்காதீர்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய படம் யாரிடமாவது இருந்தால் கீழே போடுங்கள். எந்த ஊர், எந்த வருடம் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.