கோழிக் கூண்டுக்கும் காற்று வேண்டும்!

ராயப்பேட்டை மொட்டை மாடிகளில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்குக் கத்திரி வெயில்தான் பெரிய சோதனை. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். தகரக் கூரைக்கு அடியில் காற்று தேங்கினால் உயிருக்கே ஆபத்து.

சூடான காற்று மேலே ஏறும். எனவே, கூரையை ஒட்டி எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு சாண் உயரத்துக்குத் திறப்பு விட்டு, பெருச்சாளி நுழையாத கம்பி வலை அடியுங்கள். கிழக்கே, கீழ்ப்பக்கமும் ஒரு திறப்பு இருந்தால் பிற்பகல் கடற்காற்று உள்ளே வரும். தகரத்தின் மேல் தென்னங்கீற்று பரப்புங்கள்.

கூண்டருகே குனிந்தால் கண் எரிகிறதா? எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா அது. ஈரமான உமியை உடனே மாற்றுங்கள். மழைக்காலத்தில் கீழ்த் திறப்புக்குச் சாக்குத் திரை போடலாம். மேல் திறப்பை மட்டும் அடைக்கவே கூடாது.