ஒருநாள் வேலைநிறுத்தத்தின் ஆயுள்

பொது வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் நாளிதழைப் புரட்டினால் இரண்டு செய்திகள் அருகருகே கிடக்கும். ‘மாபெரும் வெற்றி’ என்று தொழிற்சங்கங்கள் சொல்லியிருக்கும். ‘பேருந்துகள் வழக்கம்போல் ஓடின, வங்கிச் சேவை சற்றே பாதிக்கப்பட்டது’ என்று அரசுத் தரப்பு சொல்லியிருக்கும். பெரும்பாலும் இரண்டுமே உண்மையாக இருக்கும். ஆனால், அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்குப் போகவில்லை, எத்தனை கோடி நஷ்டம் என்ற ஒரே கணக்கைத்தான் இரு தரப்பும் போடுகின்றன. ஒருநாள் போராட்டத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. நின்றுபோன ஒருநாள் உற்பத்தியை அடுத்த வாரமே ஓவர்டைம் போட்டு எடுத்துவிடலாம். அந்த நஷ்டத்துக்குப் பயந்து சட்டத்தைத் திரும்பப் பெறும் அரசு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த ஒரு நாளுக்குப் பிறகு ஆட்சியாளர்கள் எதைச் செய்யத் தயங்குகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்குச் சில நேரம் கால் நூற்றாண்டுகூடக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

1953 ஆகஸ்ட் 12 அன்று இலங்கையில் நடந்த ஹர்த்தால் அப்படிப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் டட்லி சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி, கூப்பனுக்குத் தரும் ரேஷன் அரிசி ஒரு கொத்து (அங்கத்திய அளவை) 25 சதத்துக்குத் தொடரும் என்று உறுதி சொல்லித் தேர்தலில் வென்றிருந்தது. கொரியப் போர்க் காலத்தில் ஏறியிருந்த ரப்பர் விலை சரிந்ததும் கஜானா வற்றியது. நிதியமைச்சர் ஜே.ஆர்.ஜெயவர்த்தனா அரிசி மானியத்தில் கைவைத்தார். 25 சதம் ஒரே தாவலில் 70 சதமானது. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நின்றது. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின.

இடதுசாரிக் கட்சிகள் ஒருநாள் ஹர்த்தாலுக்கு அழைத்தன. தமிழரசுக் கட்சி ஆதரவளித்தது, யாழ்ப்பாணத்தில் கடைகள் அடைக்கப்பட்டன. தொழிற்சங்கம் என்றால் என்னவென்று அறியாத கிராமங்கள்தான் அன்றைக்கு முன்னால் வந்து நின்றன. மேற்கு, தெற்குக் கடலோரத்தில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். எகொட உயனவில் ரயில்கள் மறிக்கப்பட்டன. இதில் பெண்களும் சிறு விவசாயிகளும் இருந்தார்கள். அரிசி விலை எல்லா வீட்டு அடுப்படியையும் தொட்டிருந்தது. மலையகத் தோட்டங்களில் மட்டும் ஹர்த்தால் பெரிதாகப் பரவவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன்புதான் அங்கிருந்த தமிழர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டிருந்தது.

அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ‘எச்.எம்.எஸ். நியூஃபவுண்ட்லாண்ட்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது. சுதந்திர நாட்டின் அமைச்சர்கள், சொந்த மக்களுக்கு அஞ்சி, நேற்றுவரை ஆண்டவர்களின் கப்பலில் ஏறிப் பேசினார்கள். அவசரநிலை வந்தது, ஊரடங்கு வந்தது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தலைவர்கள் சொன்னபடி ஒரே நாளில் முடித்துக்கொண்டார்கள், சில ஊர்கள் மட்டும் மறுநாளும் அடங்கவில்லை. அன்று நிறுத்தியது சரியா என்ற சண்டை இலங்கை இடதுசாரிகளுக்குள் பல பத்தாண்டுகள் ஓடியது. என் கணிப்பில், நீட்டியிருந்தால் அவசரநிலை இன்னும் பலரைக் கொன்றிருக்கும், ஆட்சி விழுந்திருக்காது.

அக்டோபரில் டட்லி பதவி விலகினார். அடுத்து வந்த ஜான் கொத்தலாவல விலையை 55 சதமாக இறக்கினார். 25 சதம் அப்போது திரும்பவில்லை. அதே கட்சிதான் 1956 வரை ஆண்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் எட்டு இடங்களுக்குச் சுருண்டது. ஆனால் அறுவடை செய்தவர், ஹர்த்தாலில் நேரடியாக இறங்காமல் அனுதாபம் மட்டும் காட்டி, அடுத்துப் பிரதமரான பண்டாரநாயக்கா. 1956 ஜூனில் அவருடைய அரசு கொண்டுவந்த தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத் திடலில் அமர்ந்த தமிழரசுக் கட்சியினர் அடித்து விரட்டப்பட்டார்கள். ஒருநாள் போராட்டம் ஓர் அரசை ஆட்டங்காணச் செய்யலாம். அடுத்து யார் வருவார் என்பதில் அதற்குப் பிடி கிடையாது. இதைப் போராட்டத்தை நடத்தியவர்களே மிகக் கசப்பாக உணர்ந்தார்கள்.

இவ்வளவையும் வைத்து 1953ஐப் பாதி வெற்றி என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் அரிசியின் கதை அதற்குப் பிறகும் நீள்கிறது. 1962இல் நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா கூப்பன் அரிசியின் அளவைக் குறைக்க முன்மொழிந்தார். சொந்தக் கட்சியே எதிர்த்ததில் பதவியை விட்டார். மீண்டும் பிரதமரான டட்லி, 1966இல் இரண்டு கொத்தை ஒரு கொத்தாகக் குறைத்தபோது, அந்த ஒரு கொத்தை இலவசமாகவே கொடுத்தார். 1977இல் பெரும் பலத்தோடு ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்த பிறகுதான் மானியம் முதலில் ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் என்றாகி, 1979இல் உணவு முத்திரையாக மாறியது. 1953இல் ஒரே நாளில் செய்யப் பார்த்ததை அதே மனிதர் 26 ஆண்டுகள் கழித்தே முடிக்க முடிந்தது. ஹர்த்தாலின் நிஜமான பலன் அந்த 26 ஆண்டுகள்தான் என்பேன்.

ஜெயவர்த்தனா இன்னொன்றையும் மறக்கவில்லை. 1980 ஜூலையில் 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டு அரசு ஊழியர்களும் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். இது ஒருநாள் போராட்டமல்ல, கோரிக்கை நிறைவேறும்வரை என்று தொடங்கியது. அவசரகால விதிகளின் கீழ் அத்தியாவசியச் சேவை அறிவிப்பு வந்தது. வேலைக்கு வராதவர்கள் தாமாகவே பதவியைக் கைவிட்டதாகக் கருதப்பட்டார்கள். ஏறக்குறைய 40,000 பேர் வேலை இழந்தார்கள். 1953இல் சாலைக்கு வந்த கிராமம் இம்முறை வரவில்லை. சங்க உறுப்பினர்கள் தனியாக நின்றார்கள்.

தமிழகத்துக்கும் இது பழக்கமான கதை. 2003 ஜூலையில் காலவரையற்ற வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஏறக்குறைய 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு டிஸ்மிஸ் செய்தது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது தெருவில் பொதுமக்களின் அனுதாபம் அவர்களுக்குப் பெரிதாக இல்லை. நாடு முழுவதும் தொழிற்சங்கத் தலைவர்கள் நாள்கணக்கை நீட்டத் தயங்குவதற்கு இந்த நினைவும் ஒரு காரணம்.

இந்திய அளவில் 2020 நவம்பர் 26ஐப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு போராட்டங்கள். தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து மத்தியத் தொழிற்சங்கங்கள் ஒருநாள் பொது வேலைநிறுத்தம் நடத்தின. 25 கோடிப் பேர் பங்கேற்றதாக அவை சொல்லின. அன்றே வேளாண் சட்டங்களை எதிர்த்துப் பஞ்சாப், ஹரியாணா விவசாயிகள் ‘டெல்லி சலோ’ என்று கிளம்பி, டெல்லி எல்லையில் சிங்குவிலும் டிக்ரியிலும் டிராக்டர்களை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். எண்ணிக்கையில் இவர்கள் அவர்களுக்குப் பக்கத்தில்கூட வரமாட்டார்கள். ஆனால் 2021 நவம்பர் 19 அன்று வேளாண் சட்டங்கள் திரும்பப் பெறப்படும் என்று பிரதமர் அறிவித்தார். தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தேவிட்டன. நடுவில் ஐந்தாண்டுத் தாமதம் நேர்ந்ததில் வேலைநிறுத்தங்களுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

அப்படியானால் நீண்ட போராட்டமே வெல்லும், ஒருநாள் போராட்டம் வெறும் சடங்கு என்று சொல்லிவிடலாமா? 1980ம் 2003ம் அதற்கு எதிர்ச்சாட்சி. விவசாயிகளும் ஒருநாள் பந்த் நடத்தினார்கள். 2020 டிசம்பர் 8 அன்று நடந்த பாரத் பந்த் முடிந்த மாலையே விவசாயத் தலைவர்களை அமித் ஷா அழைத்துப் பேசினார். எல்லையில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் பந்த் முடிந்தும் வீடு திரும்பப் போவதில்லை என்பது அரசுக்குத் தெரியும். இலங்கையிலும் 2022 மே 6 ஹர்த்தாலுக்குப் பின்னால் காலிமுகத் திடலில் போராட்டக்காரர்கள் போட்ட முகாம் இருந்தது. அன்று நள்ளிரவு அவசரநிலை அறிவிக்கப்பட்டது. முகாம்மீது தாக்குதல் நடந்த மே 9 அன்று மஹிந்த ராஜபக்ச பிரதமர் பதவியிலிருந்து விலகினார். நாளை என்ன நடக்கும் என்று ஆளும் தரப்பால் சொல்ல முடியாதபோதுதான் ஒருநாள் கதவடைப்புக்குப் பலம் வருகிறது. 1953இல் அது போராட்டத்துக்கு அழைத்தவர்களுக்கே தெரியாது.

இன்றைய அகில இந்திய வேலைநிறுத்தத்தில் மறுநாள் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். நீண்ட கோரிக்கைப் பட்டியல்; அதில் எந்த ஒன்று கிடைத்தால் நிறுத்துவார்கள் என்பது தலைவர்களுக்கே தெளிவில்லை. கேரளத்தில் ஊரே அடங்கிக் கிடக்கும், சாலையில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். மாநில ஆட்சியே ஆதரித்தால் டெல்லிக்கு அதனால் என்ன நெருக்கடி? இங்கே வங்கி ஊழியருக்கு ஒருநாள் சம்பளம் பிடிக்கப்படும், மாதக் கணக்கில் அது சமாளிக்கக்கூடியது. பூக்கடைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் அன்றைய வரும்படியே போய்விடும். அவர்களுக்காகக் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி எங்கோ இருக்கும். அது அவர்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. 1953இல் 70 சதம் என்றால் என்னவென்று யாரும் யாருக்கும் விளக்கவில்லை.

இப்போது சட்டமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்புக் கட்டாயம் எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரிந்திருக்கிறது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் பாதிப்பேர் சேர்ந்து கேஷுவல் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தான். இந்தச் சட்டத்தை எதிர்த்து ஒருநாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டுமானாலும், இந்தச் சட்டத்தின் கீழேயே தேதியைக் குறித்து நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.